என் மெஷினில் யார் கை வைத்தது

எனக்கு வாய்த்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் கட்டிக்கொண்டவர், இன்னொருவன் கூடப் பிறந்தவன். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் தெரியும். தெரியும் என்றால், இந்த உலகத்தில் தங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்கிற அளவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

அண்ணன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கோத்து மெஷின் செய்து கொடுப்பான். வீட்டுக்காரர் ஒரு பெரிய கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். அண்ணன் அவரை ‘அட்மின் துரை’ என்பான். அவர் அவனை ‘ஸ்க்ரூடிரைவர்’ என்பார். எல்லாம் என்னிடம்தான். நேரில் பார்த்தால் ‘வாங்க மாப்ளே’, ‘சொல்லுங்க மச்சான்’ என்று மரியாதை வழியும். அந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சண்டை ஆரம்பித்தது எங்கள் கல்யாணமான புதிதில். வீட்டுக்காரரின் லேப்டாப் ஆன் ஆகவில்லை. அவர் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டி, போர்டு போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அண்ணன் வந்து பின்பக்கத்தைக் கழற்றி, மெமரியை எடுத்து ஒரு துடைப்புத் துடைத்துத் திரும்பச் செருகினான். ஆன் ஆகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ‘மாப்ளே, இதுக்கா ரெண்டு நாளு’ என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்தான். ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் இறக்கவில்லை.

இவர்கள் எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று நானும் இருந்திருப்பேன், என் பிழைப்பில் வந்து விழாமல் இருந்திருந்தால்.

என் பிழைப்பு, கட்டாத கட்டடங்களைக் காட்டுவது. வரைபடத்தைக் கொடுத்தால், அந்தக் கட்டடத்துக்குள் நடந்து போவது போலப் படம் செய்து தருவேன். சுவர், ஜன்னல், தரையில் விழும் வெளிச்சம் எல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைய வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். ஒரு நொடிப் படத்துக்கு இருபத்தைந்து சட்டகம், அதாவது இருபத்தைந்து தனித்தனிப் படம். ஒரு சட்டகத்தை வரையவே மெஷின் பல நிமிஷம் மூச்சு வாங்கும். நான் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தேன். அந்த ஒன்றரை வருஷத்தில் வீட்டுக்காரர், ‘சும்மாதானே இருக்கே’ என்ற இரண்டு சொல்லை எத்தனை முறை சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

அப்போதுதான் ஒரு ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தது. அதை நடத்துகிற அம்மாள் என் பழைய வேலையைப் பார்த்திருக்கிறார். புதிதாக வரப்போகும் ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்குப் படம் செய்ய வேண்டும். அது சோதனை வேலை. சுத்தமாகச் செய்து, சொன்ன தேதியில் கொடுத்துவிட்டால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வார். சொதப்பினால் வரிசையில் அடுத்த ஆள் இருக்கிறார். இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

என் மெஷின் அண்ணன் கோத்துக் கொடுத்தது. கம்பெனி வைத்து அனுப்பிய வேகத்தில் ஓட்டினால் படம் தேதிக்கு முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலைந்து நாள் இடித்தது. அண்ணனிடம் சொன்னேன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“ஓவர்கிளாக் பண்ணிடலாம். இதுக்குப் போய்க் கவலைப்படறியே” என்றான்.

விஷயம் இதுதான். ப்ராசஸர் என்கிற சதுரச் சில்லுதான் கணக்கெல்லாம் போடுவது. அதற்குக் கம்பெனி ஒரு வேகம் வைத்து அனுப்பும். நாமே கையால் அதைக் கூட்டிக்கொள்ளலாம். மெஷின் ஆன் ஆகும்போது டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்று ஒரு திரை வரும். அதில் வேகத்துக்கு ஒரு எண் இருக்கும், கொடுக்கிற வோல்டேஜுக்கு ஒரு எண் இருக்கும். வேகத்தைக் கூட்டினால் அதற்கேற்ற வோல்டேஜ் கொடுக்க வேண்டும். வோல்டேஜ் கூடினால் சூடு ஏறும். சூடு அளவு மீறினால் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் தடுமாறும். இந்த மூன்றையும் ஒரு இடத்தில் நிற்கவைப்பதுதான் வேலை. அதற்குப் பொறுமை வேண்டும். என் வீட்டு ஆண்களிடம் இல்லாத ஒரே பொருள்.

அண்ணன் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் மறுநாளே கொண்டுவந்தான். ஐந்து புள்ளி ஒன்று கிகாஹெர்ட்ஸ். சோதனை நிரலைப் பத்து நிமிஷம் ஓட்டினானாம், பாறை மாதிரி நின்றதாம். கடையில் அவன் மேசைக்கு நேர் மேலே ஏசி. மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறான். என் அறை, வீட்டில் பழைய சாமான் போட்டிருந்த அறை. ஜன்னல் கிடையாது. மெஷின் மேசைக்குக் கீழே. பத்து நிமிஷம் இல்லை, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட வேண்டும். அரை மணி நேரத்தில் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டது.

“உன் ரூம்ல காத்தே இல்ல. மெஷின் என்ன பண்ணும்?” என்றான் போனில்.

வீட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி வந்தார். பயாஸ் திரையைத் திறந்து பார்த்து, உச்சுக் கொட்டினார்.

“உங்கண்ணன் வோல்டேஜை அள்ளிக் கொட்டியிருக்கான். சில்லு வெந்துடும். எங்க சர்வர் ரூம்ல இப்படி ஒருத்தன் பண்ணினா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்” என்றார்.

வேகத்தை அப்படியே விட்டு வோல்டேஜை மட்டும் குறைத்தார். வேகத்தை ஏன் குறைக்கவில்லை என்றால், குறைத்தால் அண்ணனிடம் தோற்ற மாதிரி ஆகிவிடும். அவன் வைத்த வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர் நோக்கம். மெஷின் படுக்கவில்லை. சூடும் நன்றாக இறங்கியது. வெப்பநிலை எண்ணைக் காட்டி, “பார்த்தியா, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு” என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றால், அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தான், என்னைக் காபி போடச் சொன்னான், நான் அடுப்படியில் இருந்த நேரத்தில் வோல்டேஜைப் பழையபடி ஏற்றினான். அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் பார்த்து இறக்கினார். இவனும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நேரில் பேச வக்கில்லாத இரண்டு பேர் என் மெஷினுக்குள் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாள் மெஷின் படுக்கிறது, ஒரு நாள் ஓடுகிறது என்பதுதான்.

முதல் தவணையாகக் கொஞ்சம் சட்டகங்களை ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். ஸ்டூடியோ அம்மாள் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தார். பிரசவ வார்டின் வெள்ளைச் சுவரில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே ஒரே ஒரு வரி: ‘இது டிசைனா, அழுக்கா?’

ஒவ்வொரு சட்டகமாகப் புரட்டினேன். இங்கொன்றும் அங்கொன்றுமாக, கதவில் ஒரு புள்ளி, தரையில் ஒரு கட்டம். மெஷின் படுக்காமலே தப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறது. படுத்திருந்தாலாவது தெரிந்திருக்கும். இது வாயை மூடிக்கொண்டு பொய் சொல்லியிருக்கிறது. ஸ்டூடியோ அம்மாளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “தேதி மாறாது. ஆனா முழுப் படமும் சுத்தமா வரணும்” என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அன்று இரண்டு பேரையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார வைத்தேன்.

“என் மெஷின்ல யார் கை வச்சது?”

“நான் சரியாத்தான் வச்சுக் கொடுத்தேன்” என்றான் அண்ணன். “அதுக்கப்புறம் யாரோ வோல்டேஜைக் குறைச்சிருக்காங்க. யாருன்னு நான் சொல்லல. படிச்சவங்களாத்தான் இருக்கும்.”

“சில்லு எரியாம இருக்கணும்னா குறைச்சுத்தான் ஆகணும் மச்சான். கடையில வித்துட்டு விடுற பொருள் இல்லையே, வீட்டுல ஓடணும்” என்றார் இவர்.

“ஓடுச்சே மாப்ளே. கறுப்பா ஓடுச்சே.”

“உங்க நீலத்துக்கு என் கறுப்பு பரவாயில்ல.”

இப்படியே போயிற்று. ஒருத்தராவது படம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தேதி என்றைக்கு என்று கேட்கவில்லை. அந்த நிமிஷம் இரண்டு பேரையும் நான் மனதார வெறுத்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலையில் நானே பயாஸ் திரை முன்னால் உட்கார்ந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று சொல்கிறார்களே, பாதி உண்மை. அந்த எண்களில் பலவும் எனக்குப் புரியவில்லை. மெஷினோடு வந்த புத்தகத்தைப் படித்தேன், முகம் தெரியாத பத்துப் பேர் எழுதியதைப் படித்தேன். ஆனால் எனக்குப் படம் தெரியும். ஒரே சட்டகத்தை ஒரே மாதிரி அமைத்து இரண்டு முறை வரையச் சொன்னால், இரண்டும் அச்சாக ஒன்றாகத்தான் வர வேண்டும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் எதுவும் மிஞ்சக் கூடாது. திரை முழுக் கறுப்பாக வர வேண்டும். எங்கேயாவது ஒரு புள்ளி மின்னினால், அங்கே மெஷின் தப்பியிருக்கிறது. அண்ணன் படுக்கிறதா என்று பார்த்தான், வீட்டுக்காரர் சுடுகிறதா என்று பார்த்தார். சரியாக வரைகிறதா என்று பார்க்க இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை.

எல்லா எண்ணையும் கம்பெனி வைத்தபடி திருப்பினேன். பிரசவ வார்டின் அந்த வெள்ளைச் சுவரையே சோதனைக்கு வைத்துக்கொண்டேன். வேகத்தை ஒரு படி ஏற்றுவேன். அறைக் கதவை மூடி, வேலை நாளில் எப்படி ஓடுமோ அப்படியே ஓட விடுவேன். திரும்பத் திரும்ப அதே சட்டகம். கழித்துப் பார்ப்பேன். கறுப்பு. இன்னொரு படி. கறுப்பு. இன்னொரு படி ஏற்றியதும் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி கண் சிமிட்டியது. வோல்டேஜை ஒரு சிட்டிகை கூட்டினேன். புள்ளி போய்விட்டது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்றுவேன். இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும்.

சில நாள் இதே பிழைப்பு. அடுப்பில் குழம்பு தீய்ந்ததுகூட உண்டு. நாலு புள்ளி ஒன்பதில் மெஷின் நின்றது, ஆனால் மதிய வெயிலில் அறை கொதிக்கும்போது சூடு எல்லையைத் தொட்டது. அதைவிட்டு ஒரு படி இறங்கினேன். நாலு புள்ளி எட்டு. கொடுத்த வோல்டேஜ் அண்ணனுடையதைவிடக் குறைவு, வீட்டுக்காரருடையதைவிட அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். அதில் காலை முதல் சாயங்காலம் வரை ஓட்டினேன். கழித்தேன். ஒரு புள்ளி இல்லாமல் முழுக் கறுப்பு. நாற்காலியில் சாய்ந்து அந்த வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாள் கழித்து எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

பிறகு பயாஸுக்கு ஒரு கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன்.

வீட்டுக்காரர் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். எதற்கு உள்ளே போனார் என்று நான் கேட்கவில்லை. கை அரித்திருக்கும்.

“பூட்டு எதுக்கு? வீட்டு மெஷின்தானே?” என்றார்.

“வீட்டு மெஷின் இல்லைங்க. என் மெஷின்.”

“எவ்வளவு வச்சிருக்கே, அதையாவது சொல்லு.”

“ஓடுற அளவுக்கு.”

அன்று இரவு அவர் பால்கனியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். ‘ஆமா மச்சான்’ என்று காதில் விழுந்தது. வேறு மச்சான் அவருக்குக் கிடையாது. எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது, தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, இதை யோசிக்க எனக்கு நேரமில்லை.

தேதிக்கு முந்தின நாள் கடைசிப் பகுதி பாக்கி இருந்தது. வாசல் கூடம். கண்ணாடிச் சுவர் வழியாக வெளிச்சம் விழும் காட்சி, படத்திலேயே கனமானது. காலையில் ஓட விட்டேன். மறுநாள் விடிகாலைக்குள் முடிந்துவிடும். ஒரு கடைவாய்ப் பல் பத்து நாளாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. மெஷின் பாட்டுக்கு ஓடுகிறது, நாம் இருந்து என்ன செய்யப்போகிறோம் என்று பல் டாக்டரிடம் போனேன். போகாமல் இருந்திருக்க வேண்டும். பல்லாவது வலித்துக்கொண்டு ஒரு ஓரமாகக் கிடந்திருக்கும்.

திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதே சிரிப்புச் சத்தம். என் அறையிலிருந்து. மெஷின் மேசை மேல் ஏறியிருந்தது, பக்கத் தகடு கட்டிலில் கிடந்தது. என் நாற்காலியில் வீட்டுக்காரர், ஸ்டூலில் அண்ணன். தோளோடு தோள் இடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, “மாப்ளே, நீங்க நம்ம ஆளு” என்றான்.

இவர்கள் என்றைக்காவது ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்க மாட்டார்களா என்று ஏழு வருஷமாக ஏங்கியவள் நான். சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு.

“என்ன பண்றீங்க?”

“பூட்டிட்டா எங்களுக்குத் தெரியாதா?” அண்ணன் உள்ளங்கையை நீட்டினான். அதில் நாணயம் மாதிரி ஒரு சின்ன பேட்டரி. போர்டில் இருக்கும் அந்த பேட்டரியைக் கழற்றிவிட்டால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிடும். பூட்டு, கடவுச்சொல், நான் படி படியாக ஏற்றி வைத்த எண்கள் எல்லாவற்றையும். “இது பழசு. புதுசு போட்டிருக்கேன். பெரிய ஃபேன் ஒண்ணும் மாட்டியிருக்கேன். மாப்ள பக்குவமா வோல்டேஜ் பார்த்து வச்சாரு. அஞ்சு புள்ளி ரெண்டு. நீ வச்சிருந்தியே நாலு புள்ளி எட்டு, அதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“ரெண்டர் ஓடிட்டிருந்துச்சு.”

“நிறுத்திட்டுத் திரும்ப ஓட விட்டாச்சு. விட்ட இடத்துலேருந்து போகுது. இன்னைக்கே முடிஞ்சுடும்” என்றார் வீட்டுக்காரர். “உனக்காகத்தான் லீவு போட்டேன்.”

நான் அவரை எழுந்திருக்கச் சொன்னேன். குரலில் என்ன இருந்ததோ, எழுந்துவிட்டார். அவர்கள் ஓட விட்ட பிறகு வந்த சட்டகங்களைத் திறந்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. கண்ணாடிச் சுவர் முழுக்கக் கறுப்புச் சதுரங்கள், அம்மைத் தழும்பு மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகி மெஷின் படுத்தது.

இரண்டு பேரும் குனிந்து நீலத் திரையைப் பார்த்தார்கள். பிறகு அண்ணன், “நீங்க வோல்டேஜ் கொஞ்சம் கூட வச்சிருக்கலாம் மாப்ளே” என்றான். “நீங்க வேகத்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம் மச்சான்” என்றார் இவர். ஆனால் பழைய சூடு இல்லை. கூட்டாளிகள் பேசுகிற மாதிரி இருந்தது.

இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். என் எண்கள் என் தலையில் இருந்தன. திரும்ப பயாஸுக்குள் போய் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தேன். போன அரை நாளைப் பிடிக்க முடியாது என்று தெரியும். விடிகாலைக்கு முடிய வேண்டியது மறுநாள் மதியம் ஆகும். மதியத்துக்குள் கொடுத்தால் போதும், நூலிழையில் தப்பலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடிக்க முடியாத பல் அது, மரத்துப் போயிருந்ததால் தெரியவில்லை.

போன் அடித்தது. ஸ்டூடியோ அம்மாள்.

“உங்க வீட்டுக்காரர் இப்பத்தான் ஆபீஸ் நம்பர்ல பேசினார்” என்றார். “மெஷின்ல ஏதோ பிரச்சினையாம். நீங்களா ஏதோ செட்டிங் மாத்தி வச்சிட்டீங்களாம், அனுபவம் இல்லாம. அவரும் உங்க அண்ணனும் சரி பண்ணிட்டு இருக்காங்களாம். ரெண்டு நாள் டைம் கேட்டார். நான் அவர்கிட்ட வேலை கொடுக்கலையே, எதுக்கு அவர் கேட்கிறார்னு எனக்குப் புரியல.”

மெஷினைக் கெடுத்தது ஒரு பக்கம். தெரியாமல் செய்தார்கள், திமிரில் செய்தார்கள், எப்படியோ போகட்டும். இது தெரிந்து செய்தது. என் பேரை எடுத்து அவர்கள் தப்பைத் துடைத்திருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த ஒரே இடத்தில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று என் வீட்டிலிருந்தே போன் போயிருக்கிறது.

“மேடம், உங்க ஆபீஸ்ல ஒரு மேசையும் ஒரு பிளக்கும் இருக்குமா?” என்று கேட்டேன்.

“எதுக்கு?”

“மெஷினைத் தூக்கிட்டு வர்றேன். அங்க வச்சு ஓட்டறேன். தப்பா வச்சிருக்கேனா சரியா வச்சிருக்கேனான்னு நீங்களே பாருங்க. தேதி மாற வேண்டாம்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “வாங்க” என்றார்.

ஒயர்களைப் பிடுங்கினேன். பக்கத் தகட்டை மாட்டினேன். அண்ணன் போட்ட பெரிய ஃபேனைக் கழற்றிக் கட்டிலில் வைத்தேன். மெஷினை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் எழுந்து கையை நீட்டினான்.

“கனமா இருக்கும். கொடு.”

“தொடாதே.”

“நல்லதுக்குத்தானே பேசினேன்” என்றார் வீட்டுக்காரர். “மெஷின் மேல பழி போனா உன் மேல போகாதுன்னு…”

“மெஷின் மேல போடலைங்க. என் மேல போட்டீங்க.”

“ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே. மச்சானும் அப்படித்தான் சொன்னாரு.”

மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். கை விட்டுப் போகிற மாதிரி வலித்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை, நின்றால் பின்னாலேயே வந்து வாங்கிவிடுவார்கள்.

ஸ்டூடியோவில் ஜன்னல் ஓரமாக ஒரு மேசையைக் காட்டினார்கள். மெஷினை வைத்து, மீதி எண்களையும் போட்டுச் சரிபார்த்து, பிரசவ வார்டுச் சட்டகத்தை இரண்டு முறை ஓட விட்டேன். ஸ்டூடியோ அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் போனில் சொன்னதை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறாரா, நம்பாமலா என்று முகத்தில் தெரியவில்லை. இரண்டு படமும் வந்ததும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன்.

“ஒண்ணுமே தெரியலையே” என்றார்.

“ஒண்ணுமே தெரியக் கூடாது மேடம். தெரிஞ்சா தப்பு.”

அவருக்குப் புரிய ஒரு விநாடி ஆயிற்று. பிறகு திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் மூலைமூலையாகப் பார்த்தார். இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருப்பவர். தலையை ஆட்டினார்.

“இதை யார் செட் பண்ணது?”

“நான்தான்.”

“அப்ப உங்க வீட்டுக்காரர் சொன்னது?”

“அது அவங்க வச்ச செட்டிங் பத்தி மேடம். பேரை மாத்திச் சொல்லிட்டார்.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. வாசல் கூடத்துக் காட்சியை ஓட விட்டேன். ராத்திரி வீட்டுக்குப் போய் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்தேன். காலையில் திரும்பி வந்தேன். மதியத்துக்குள் படம் முடிந்தது. கண்ணாடிச் சுவர் வழியாக வெளிச்சம் வந்து தரையில் விழுந்தது, எங்கேயும் ஒரு புள்ளி இல்லை. மருத்துவமனைக்காரர்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு ஸ்டூடியோ அம்மாள் என் மேசைக்கு வந்தார். “இந்த மேசை யாருக்கும் கொடுக்கல. நாளையிலேருந்து இங்கேயே உட்காருங்க” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல் வலி என்று சொல்லி முகத்தைத் துடைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் போன் பண்ணினார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. வேலை கிடைச்சிடுச்சு.”

“நல்லது” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தொண்டையைச் செருமினார். “மெஷின் எப்ப வீட்டுக்கு வரும்?”

“மெஷின் வராது. இனிமே அது இங்கதான்.”

நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ கூட இருப்பது தெரிந்தது. ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அப்புறம் போனுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் நன்றாகவே கேட்டது.

“வோல்டேஜ் எவ்வளவு வச்சிருக்காள்னு கேளுங்க மாப்ளே.”

அவர் கேட்டார். நான் போனை வைத்தேன்.